ஆடியிலேயே சேரட்டும்: விமானிகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க விமான நிறுவனங்களில் விமானிகளாகச் சேர்ந்திருக்கும், சேரப்போகும் பிள்ளைகளைப் பெற்ற தமிழ்ப் பெற்றோருக்கு,



தமிழ்ச் சங்க விழாக்களில் என்னைச் சந்திக்கும்போது நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "எங்கள் வீடு டென்வரில் இருக்கிறது. பிள்ளையின் கம்பெனிக்கும் டென்வரில் எத்தனையோ விமானங்கள். ஆனால் அவனை நியூயார்க்கில் போட்டுவிட்டார்கள். யாரிடமாவது சொல்லி மாற்ற முடியுமா?" முடியாது என்று நான் சொன்னால், உதவ மனமில்லாமல் சொல்கிறேனோ என்ற சந்தேகம் சிலர் முகத்தில் தெரிகிறது. நின்றபடி இரண்டு நிமிடத்தில் விளக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால்தான் இந்த மடல்.

ஒரு விமானி எந்த ஊரைத் தளமாகக் கொண்டு பறப்பார் என்பதை எந்த மேலாளரும் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்வது ஓர் எண். வேலையில் சேர்ந்த நாளை வைத்துத் தரும் சீனியாரிட்டி எண் அது. நிறுவனத்தில் பதினைந்தாயிரம் விமானிகள் இருந்தால், ஒன்று முதல் பதினைந்தாயிரம் வரை ஒரே பட்டியல். விமானப்படையில் இருபது ஆண்டு பறந்துவிட்டு வந்தவரும், சிறு விமானத்தில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து 1,500 மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டு வந்த உங்கள் மகளும் ஒரே நாளில் சேர்ந்தால், பட்டியலில் அக்கம்பக்கத்தில்தான் இருப்பார்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன், யார் பின்? பல நிறுவனங்களில் வயதில் மூத்தவர் முன்னால். வேறு சிலவற்றில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்க்கிறார்கள். முன்அனுபவத்தையோ படிப்பையோ பார்ப்பதில்லை.

எந்த ஊர், எந்த ரக விமானம், கேப்டனின் இடது இருக்கையா துணை விமானியான ஃபர்ஸ்ட் ஆபிசரின் வலது இருக்கையா, மாத அட்டவணையில் எந்தப் பயணங்கள், எந்த வாரம் விடுப்பு எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் வழி. கிறிஸ்துமஸ் விடுமுறை இளையவர்களுக்குப் பல ஆண்டுகள் கிட்டாது. தீபாவளிக்கு விடுப்புக் கேட்பவர்கள் குறைவு என்பதால் அது சில சமயம் கிடைத்துவிடுகிறது. நம் வீடுகளுக்கு அந்த ஓர் ஆறுதல் உண்டு.

தளம் மாறுவது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். டென்வரில் 737 விமானத்துக்கு இருபது ஃபர்ஸ்ட் ஆபிசர்கள் தேவை என்று நிறுவனம் அறிவிக்கிறது. அந்த இடம் வேண்டும் என்று ஏற்கெனவே விருப்பப் பட்டியலில் எழுதி வைத்திருப்பவர்கள் முந்நூறு பேர் இருக்கலாம். குறித்த நாளில் கணினி முதலாம் எண்ணில் தொடங்கிக் கீழே வருகிறது. ஒவ்வொருவரின் விருப்பத்தையும் பார்த்து, இடம் இருந்தால் கொடுக்கிறது, இல்லாவிட்டால் அவரை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகிறது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒருவர் டென்வருக்கு வந்தால் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இடம் காலியாகிறது. அதைப் பிடிக்க வாஷிங்டனிலிருந்து ஒருவர் போகிறார். வாஷிங்டனுக்கு நியூயார்க்கிலிருந்து ஒருவர். இப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் யாருக்குமே வேண்டாத இடங்கள்தான் மிஞ்சும். வாடகை அதிகம், போக்குவரத்து நெரிசல், குளிர் என்ற காரணங்களால் நியூயார்க் பல நிறுவனங்களில் அப்படி மிஞ்சுகிற ஊர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது கிடைக்கிறது. உங்கள் பையனை யாரும் நியூயார்க்கில் "போடவில்லை". அவனுக்கு மேலே இருந்தவர்கள் விட்டுவைத்த இடம் அதுதான்.

புதிய தளம் திறந்தால் இந்த ஓட்டம் இன்னும் வேகமாக இருக்கும். சவுத்வெஸ்ட் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் நாஷ்வில்லில் தளம் திறந்தது. இப்படிப் புதுத்தளம் திறக்கும்போது, அந்த ஊரில் வீடு வைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்ப் போய்ப் பறந்துகொண்டிருந்த மூத்தவர்கள்தான் முதலில் பாய்வார்கள். அவர்கள் விட்டுவந்த இடங்கள் கீழே உள்ளவர்களுக்குத் திறக்கும். ஆகவே உங்கள் ஊரிலேயே புதுத்தளம் வருகிறது என்ற செய்தியைப் படித்து உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். முதல் சுற்றில் உங்கள் பிள்ளைக்கு அதனால் கிடைக்கக்கூடிய லாபம், சிகாகோவிலோ ஹூஸ்டனிலோ ஓர் இடம் திறப்பதுதான். சொந்த ஊர் பிறகுதான். தளத்தைச் சுருக்கினாலோ மூடினாலோ கதை தலைகீழ். அங்கே உள்ள இளையவர்கள் முதலில் வெளியேற வேண்டும். தளமே மூடப்பட்டால் மூத்தவர் தம் எண்ணைக் கொண்டு வேறு ஊருக்குப் போவார், அங்கே இருக்கும் இளையவர் தள்ளப்படுவார்.

இனி, உங்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது.

வேலையில் சேரும் நாளை, அதாவது புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பு தொடங்கும் நாளை, தள்ளிப் போடச் சொல்லாதீர்கள். ஜூலை கடைசியில் அழைப்பு வந்தால், "ஆடி மாதத்தில் புது வேலையா? ஆவணி பிறக்கட்டும்" என்று சொல்லும் வீடுகளை நான் அறிவேன். அக்கா கல்யாணம் முடியட்டும், பாட்டி ஊரிலிருந்து வந்து போகட்டும் என்பதும் உண்டு. வேறு எந்த வேலையிலும் ஒரு மாதத் தாமதம் ஒரு மாதச் சம்பளத்தோடு போய்விடும். இங்கே அது பணிக்காலம் முழுவதும் கூடவே வரும். 2022, 2023 ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் சில, ஆண்டுக்கு இரண்டாயிரம் விமானிகளுக்கு மேல் சேர்த்தன. அந்த வேகத்தில் ஒரு மாதம் தள்ளிச் சேர்ந்தால் நூற்றைம்பது பேருக்கு மேல் உங்கள் பிள்ளைக்கு முன்னால் போய்விடுவார்கள். ஓய்வு வயதான 65 வரை அந்த நூற்றைம்பது பேரும் ஊரைத் தேர்ந்தெடுப்பதிலும், விடுப்பிலும், கேப்டன் பதவியிலும் உங்கள் பிள்ளைக்கு முன்னால்தான் நிற்பார்கள். அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. போயிங்கிலிருந்து புதிய விமானங்கள் வந்துசேரத் தாமதமானதால் 2024 மே, ஜூன் மாதங்களில் யுனைடெட் புதிய விமானிகளைச் சேர்ப்பதையே நிறுத்திவைத்தது. அப்படிக் கதவு சாத்தப்படும் நேரத்தில், "அடுத்த வகுப்பில் சேர்ந்துகொள்கிறேன்" என்றவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

வேலை பறிபோகும் வரிசையும் இதே பட்டியல்தான், கீழிருந்து மேலாக. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஆயிரக்கணக்கான விமானிகள் சம்பளமில்லா நீக்கத்துக்கு ஆளானார்கள். சிலரைத் திரும்ப அழைக்கப் பத்தாண்டுக்கும் மேல் ஆனது. அப்படிப்பட்ட நாளில் கோடு எந்த எண்ணில் விழும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கோட்டுக்கு ஒரு படி மேலே இருப்பவருக்குச் சம்பளம் வரும். கீழே இருப்பவர் வீட்டுக்குப் போவார். இரண்டு பேருக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு பிறந்தநாளாகக்கூட இருக்கலாம்.

திறமைக்கு மதிப்பில்லாத இந்த முறை நியாயமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். படிப்பாலும் மதிப்பெண்ணாலும் மேலே வந்தவர்கள் நாம். அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். நான் இந்த முறையை ஆதரிப்பவன். ஏன் என்று சொல்கிறேன்.

1919 ஜூலையில் நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க்கிலிருந்து தபால் விமானம் ஓட்ட வேண்டிய இரண்டு விமானிகள், மூடுபனியில் பறக்க முடியாது என்று மறுத்தார்கள். தபால்துறை இருவரையும் வேலையைவிட்டு நீக்கியது. சக விமானிகள் வேலைநிறுத்தம் செய்த பிறகு இருவரில் ஒருவரைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மேலதிகாரியின் தயவில் விமானியின் வேலை இருந்தால், "வானிலை சரியில்லை, நான் போகமாட்டேன்" என்று சொல்லும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? 1931ல் டேவ் பென்கி தொடங்கிய விமானிகள் சங்கம் வளர்ந்து, ஒப்பந்தங்களில் சீனியாரிட்டி இடம்பிடித்ததற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது. இன்று ஒரு கேப்டன் இயந்திரக் கோளாறு என்று சொல்லி விமானத்தை வாசலிலேயே நிறுத்தலாம். முந்நூறு பயணிகள் முணுமுணுப்பார்கள், நிறுவனத்துக்குப் பெரும் செலவு. ஆனால் அதற்காக அடுத்த மாதம் அவரைப் பிடிக்காத ஊருக்கு மாற்ற யாராலும் முடியாது. அவருடைய ஊரை அவருடைய எண் காக்கிறது. அதே எண்தான் பின்னால் அமர்ந்திருக்கும் உங்களையும் காக்கிறது. சிபாரிசால் ஊர் மாற்றம் வாங்க முடிகிற இடத்தில், பயமுறுத்தி ஊர் மாற்றவும் முடியும். இரண்டையும் சேர்த்துத்தான் இந்த முறை அடைத்துவைத்திருக்கிறது.

திறமை பார்க்கப்படுவதே இல்லை என்பதும் சரியல்ல. எண் உங்கள் பிள்ளையைக் கேப்டன் பயிற்சியின் வாசல் வரைதான் கொண்டுபோகும். சிமுலேட்டரில் தேறாவிட்டால் எண்ணால் பயனில்லை. தேறியவர்களுக்கும் சோதனை ஆண்டுதோறும் தொடரும்.

இன்னொன்று நமக்கு நேராகத் தொடர்புடையது. பட்டியல் யாருடைய பெயரையும் நிறத்தையும் பார்ப்பதில்லை. பார்த்த இடம், வேலைக்கு எடுக்கும் வாசல். மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானி, அமெரிக்க விமானப்படையில் அனுபவம் பெற்றவர், 1957ல் கான்டினென்டல் நிறுவனத்தில் விண்ணப்பித்தார். நிறத்துக்காக மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் 1963ல் வென்றார். பறக்கத் தொடங்கியது 1965ல். பெரிய நிறுவனங்களில் பெண்கள் 1973ல்தான் காக்பிட்டுக்குள் வந்தார்கள். உள்ளே வந்தபின் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே விதி. வெளியே நிற்க வைக்கப்பட்ட ஆண்டுகளைத்தான் பட்டியலால் திருப்பித்தர முடியவில்லை. இன்று நம் வீட்டுப் பெண் சேர்ந்தால், வாயில் நுழையாத அவள் பெயருக்காக யாரும் அவளை ஒரு படி கீழே இறக்க முடியாது. இது சிறிய விஷயமில்லை.

இந்த முறையின் கொடுமையையும் நீங்கள் அறிய வேண்டும். எண் சேர்ந்த நிறுவனத்துக்குள் மட்டும்தான் செல்லும். 1991ல் ஈஸ்டர்ன், பான் ஆம் விமான நிறுவனங்கள் மூடப்பட்டபோது, பல ஆண்டுகள் கேப்டனாக இருந்தவர்கள் வேறு நிறுவனங்களில் பட்டியலின் கடைசியில் போய் நின்றார்கள். நிறுவனங்கள் இணையும்போது இரண்டு பட்டியலை ஒன்றாக்க வேண்டும். அங்கே நடக்கும் சண்டை குடும்பச் சொத்துச் சண்டையைவிடக் கசப்பானது. 2001ல் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தை அமெரிக்கன் நிறுவனம் வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானிகளில் ஏராளமானோர் அமெரிக்கனின் பட்டியலுக்கு அடியில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்து வந்த ஆட்குறைப்பில் முதலில் போனவர்களும் அவர்களே. அந்த வேதனையின் விளைவாகத்தான், இணைப்புகளில் பட்டியலை நியாயமாகச் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் 2007 டிசம்பரில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் மிசௌரியின் இரண்டு செனட்டர்கள். டிடபிள்யூஏவின் மையம் அந்த மாநிலத்தின் செயின்ட் லூயிஸ்.

2005ல் அமெரிக்கா வெஸ்ட்டும் யுஎஸ் ஏர்வேஸும் இணைந்தன. நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007ல் தந்த பட்டியலில், பதினாறு பதினேழு ஆண்டு பணியாற்றிய கிழக்குத் தரப்பு (பழைய யுஎஸ் ஏர்வேஸ்) விமானிகள் சிலர், மேற்குத் தரப்பில் (அமெரிக்கா வெஸ்ட்) சேர்ந்து சில மாதமே ஆனவர்களுக்கு அருகில் வந்தார்கள். கிழக்குத் தரப்பு ஏற்கவில்லை. மறு ஆண்டே பழைய சங்கத்தை வெளியேற்றிப் புதிய சங்கம் அமைத்தார்கள். ஒரே பெயர் எழுதிய விமானங்களை இரண்டு தரப்பும் தனித்தனிப் பட்டியலோடு ஓட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்கனுடன் மீண்டும் ஓர் இணைப்பு நடந்து, எல்லோருக்குமான பட்டியல் 2016 செப்டம்பரில்தான் முடிவானது. பதினோரு ஆண்டுகள். ஆகவே, "எந்தக் கம்பெனியில் சம்பளம் அதிகம்?" என்று மட்டும் பிள்ளையிடம் கேட்காதீர்கள். எந்த நிறுவனத்தில் அடுத்த பதினைந்து ஆண்டில் அதிகம் பேர் ஓய்வுபெறப் போகிறார்கள், எந்த நிறுவனத்துக்கு உங்கள் பிள்ளை வாழ விரும்பும் ஊரில் தளம் இருக்கிறது என்பவை அதைவிட முக்கியமான கேள்விகள்.

கடைசியாக, உறக்கத்தைப் பற்றி.

தளம் நியூயார்க், வீடு டென்வர் என்றால் பல விமானிகள் வீட்டை மாற்றுவதில்லை. பயணிகள் விமானத்தில் காலி இருக்கையிலோ, காக்பிட்டின் கூடுதல் இருக்கையான ஜம்ப் சீட்டிலோ தளத்துக்கு வந்து, வேலை முடிந்து அப்படியே திரும்புகிறார்கள். நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதி நகரத்தின் இரண்டு விமான நிலையங்களுக்கும் பக்கம். விமானக் குழுவினர் அங்கே குவிந்திருப்பதால் அதைக் "க்ரூ கார்டன்ஸ்" என்றே அழைப்பார்கள். ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்து, அறைக்கு இரண்டு மூன்று இரண்டடுக்குக் கட்டில் போட்டு, ஒரு கட்டிலுக்கு இத்தனை டாலர் என்று வாடகை வாங்குவார்கள். க்ராஷ் பேட் என்று அதற்குப் பெயர். ஜன்னலில் கறுப்புத் திரை, குளிர்பதனப் பெட்டியில் பெயர் எழுதி ஒட்டிய டப்பாக்கள், கட்டிலுக்கடியில் அவரவர் போர்வை வைத்த பிளாஸ்டிக் பெட்டி. விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவார், நள்ளிரவில் இன்னொருவர் வந்து இருட்டில் தடவிப் படுப்பார். புதியவர்கள் ரிசர்வில், அதாவது அழைத்தால் வரத் தயாராகக் காத்திருக்கும் பணியில், இருப்பார்கள். அழைப்பு வந்து இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டிய நாட்கள் உண்டு. தளத்தில் வசிப்பவர் அந்த நாளைச் சொந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக் கழிக்கலாம். மற்றவர் அந்தக் கட்டிலில் காத்துக் கிடக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஒரு நாள், முடிந்த பிறகு ஒரு நாள் பயணத்தில் போய்விடும்.

2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் அந்த வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். ஃபர்ஸ்ட் ஆபிசருக்கு வயது 24. சியாட்டில் பக்கம் வசித்த அவர், முந்தைய இரவு சரக்கு விமானத்தில் ஏறி மெம்ஃபிஸ் வழியாக விடியும் நேரத்தில் நியூவார்க் வந்து சேர்ந்திருந்தார். ஃபுளோரிடாவில் வசித்த கேப்டன் குழுவினர் ஓய்வறையில் இரவைக் கழித்திருந்தார். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே விபத்துக்குக் காரணம் என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். இருவரின் செயல்பாட்டையும் சோர்வு பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றும் சொன்னது. கோல்கன் நிறுவனத்தின் நியூவார்க் தளத்தில் இருந்த 137 விமானிகளில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள்.

அந்த விபத்துக்குப் பின் வந்த ஓய்வு விதிகள் 2014 ஜனவரியில் அமலாயின. பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு கட்டாயம். பணிக்குத் தகுதியான நிலையில் இருக்கிறேன் என்று ஒவ்வொரு விமானியும் உறுதி சொல்ல வேண்டும். ஆனால் வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் நேரம் பணிநேரத்தில் சேராது. டென்வரிலிருந்து நியூயார்க் வந்த அலுப்பைச் சட்டம் எண்ணாது. உங்கள் பிள்ளைதான் எண்ண வேண்டும். நீங்களும்.

"வாடகை எதற்கு வீணாக? நம் வீட்டிலேயே இரு, போய் வந்துகொள்" என்று சொல்லும் அம்மாக்களே, அப்பாக்களே, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளாவது அப்படிச் சொல்லாதீர்கள். தளம் எதுவோ அங்கே ஒரு சிறிய வீடு எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் முன்பணத்துக்கு உதவுங்கள். தளம் அடிக்கடி மாறலாம் என்பதால் அவசரப்பட்டு வீடு வாங்க வைக்காதீர்கள். "நண்பர் மகன் அதற்குள் கேப்டன் ஆகிவிட்டானே" என்றும் ஒப்பிடாதீர்கள். 2022, 2023ல் இளையவர்களுக்கும் கேப்டன் இடங்கள் திறந்தே இருந்தன. பலர் வேண்டுமென்றே எடுக்கவில்லை. வலது இருக்கையில் நடுத்தர எண்ணாக இருந்து பிள்ளைகளோடு வார இறுதியைக் கழிப்பவர், இடது இருக்கைக்குப் போனால் அங்கே கடைசி எண், மீண்டும் ரிசர்வ், மீண்டும் க்ராஷ் பேட். எப்போது மாறுவது என்பதை உங்கள் பிள்ளையும் பிள்ளையின் துணையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

பார்க்க வேண்டும்போல இருந்தால் நீங்கள் கிளம்புங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் விமானியின் பெற்றோருக்கு, இருக்கை காலியாக இருந்தால் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பறக்கும் சலுகை உண்டு. இடம் கிடைக்காவிட்டால் அடுத்த விமானத்தில் போகலாம். காலை ஐந்து மணிக்குப் பணிக்கு வந்து நிற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவன், ஒரு கேப்டன்